கிடப்பில் போட்ட கணக்கு

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்றொரு ஊர். அங்கே ஓடையோரம் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்திருக்கிறது. பார்வைக்கு மரம், தொட்டால் கல். 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். இன்று அதைச் சுற்றி வேலி போட்டு, கல்மரப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலவியல் படிக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்லூரிப் பேருந்துகள் வந்து போகிற இடம் அது. சாத்தனூர் மட்டுமல்ல, காரை, கொளக்காநத்தம், கருடமங்கலம், அரியலூரின் சிமென்ட் சுண்ணாம்புச் சுரங்கங்கள் என்று இந்த வட்டாரமே நிலவியலுக்கு ஒரு திறந்தவெளிப் பாடசாலை.

அப்படி வந்திறங்கும் ஒரு வகுப்பை நினைத்துப் பாருங்கள். கல்மரத்தைக் காட்டி ஆசிரியர் கேட்கிறார்: "இது என்ன சொல்லுது?" பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. "இங்க காடு இருந்திருக்கு சார்." சரி, சுற்றியிருக்கிற பாறையைப் பாருங்கள் என்கிறார் அவர். பாறையில் கிளிஞ்சல். பக்கத்து ஊர்களில் சுருள் சுருளாக அம்மோனைட். அத்தனையும் கடல் உயிர்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர்ப் பக்கமெல்லாம் கடல் ஏறி இறங்கிய தரை என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கடலுக்குள் எப்படிக் காடு? காடு இருந்து பிறகு கடல் ஏறியதா? கடல் வற்றிப் பிறகு காடு முளைத்ததா? அப்படியானால் மண்ணடுக்கும் வேரும் எங்கே? ஒவ்வொரு பதிலும் ஒரு புதுக் கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறது. வெயில் ஏறுகிறது, நோட்டை மூடிவிட்டுக் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு கடையில் டீ. பேச்சு சினிமாவுக்குப் போய்விட்டது. பேருந்து நகர்ந்து ஏதோ ஒரு வளைவில் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "சார், அந்த மரம் அங்க மொளைக்கவே இல்ல. மெதந்து வந்திருக்கு!"

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது வேரோடு பிடுங்கிக்கொண்டு மரங்கள் மிதந்து போவதை அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதே போல ஏதோ ஓர் ஆறு அந்த ஊசியிலை மரத்தைக் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அது ஊறி, மூழ்கி, சேற்றில் புதைந்து, மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. மரம் துளைக்கிற கடல் உயிரிகள் குடைந்த கல்மரத் துண்டுகள் இந்த வட்டாரப் பாறைகளில் கிடைப்பதும் மரம் கடலில் கிடந்ததற்குச் சாட்சி. இதில் மாணவருக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. கிளிஞ்சலும் தெரியும், வெள்ளமும் தெரியும். மரம் கிடக்கும் இடமே மரம் நின்ற இடம் என்ற ஒரு நினைப்புதான் குறுக்கே படுத்திருந்தது. அந்த நினைப்பு ஓடையருகே நின்று மண்டையை உடைத்துக்கொண்டபோது விலகவில்லை, டீ குடித்து சினிமா பேசியபோது விலகியது. ஏன்?

பதிலுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை. தலை, கை, உயிர். இந்த மூன்று சொற்களுக்கும் பின்னால் ஒட்டக்கூடிய ஒரே சொல் எது? கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

விட்டுவிட்ட பிறகு விடை தோன்றுவது ஏன் என்ற கேள்வியின் வரலாற்றில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற மனிதர் ஆன்ரி பொன்காரே. பிரெஞ்சுக் கணித மேதை. படிப்பால் அவர் சுரங்கப் பொறியாளர் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நம்மூரில் பிறந்திருந்தால் அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரி ஒன்றில் மேலாளராக இருந்திருப்பார். 1880-ல் அவர் கான் நகரில் ஆசிரியர். ஒரு வகைச் சார்புகள் இருக்கவே முடியாது என்று நிறுவப் பதினைந்து நாள் போராடினார். தினமும் மேசையில் உட்கார்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் எதையெதையோ சேர்த்துப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது. ஒரு நாள் மாலை, வழக்கத்துக்கு மாறாகப் பால் கலக்காத காபி குடித்தார். தூக்கம் போனது. எண்ணங்கள் கூட்டமாக எழுந்து ஒன்றோடொன்று மோதின. விடியும்போது, இருக்கவே முடியாது என்று அவர் நினைத்த சார்புகளில் ஒரு வகை இருப்பது தெரிந்துவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்து அவர் போனது நிலவியல் சுற்றுலாவுக்கு. சாத்தனூருக்கு நம் பிள்ளைகள் வருவது போன்ற அதே சுற்றுலா. பயணத்தில் கணிதம் மறந்தே போனது. கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை வண்டியில் ஏறப் படியில் கால் வைத்த நொடியில், தான் பயன்படுத்திய மாற்றங்களும் யூக்ளிட் சாராத வடிவியலின் மாற்றங்களும் ஒன்றே என்பது தோன்றியது. அதற்கு முன் அவர் அதைப் பற்றி எதுவும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. சரிபார்க்கவும் நேரமில்லை, வண்டியில் உட்கார்ந்து விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஊர் திரும்பிய பிறகுதான் ஆற அமர உட்கார்ந்து சரிபார்த்தார். 1908-ல் பாரிஸில் உளவியலாளர்கள் முன் இதையெல்லாம் அவரே விரிவாகச் சொன்னார். அதையும் படித்துவிட்டு இங்கிலாந்தில் கிரகாம் வாலஸ் 1926-ல் நான்கு படிகளை வகுத்தார்: முயன்று பார்ப்பது, கிடப்பில் போடுவது, பளிச்சென்று தோன்றுவது, சரிபார்ப்பது. இன்றுவரை அந்த நான்கும் பாடப் புத்தகங்களில் அப்படியே இருக்கின்றன.

கிடப்பில் போட்ட நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவே நூறாண்டாக இழுபறி.

முதல் பதில் பொன்காரேயுடையது. நாம் வேறு வேலையில் இருக்கும்போது, நினைவுக்கு எட்டாத ஒரு மனம் அதே கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல சேர்க்கை கிடைத்தால் மேலே அனுப்பிவிடுகிறது. கேட்க அழகான பதில். சம்பளம் இல்லாமல் இரவுப் பணி பார்க்கும் ஆள் யாருக்குத்தான் பிடிக்காது?

இரண்டாவது பதிலில் கவர்ச்சி குறைவு. உள்ளே யாரும் வேலை செய்யவில்லை. முட்டிக்கொண்டு நிற்கும்போது நம் தலையில் தவறான பாதை ஒன்று திரும்பத் திரும்ப மேலே வருகிறது. வரவர அது அழுத்தமாகிறது, சரியான பாதையை மறைக்கிறது. விட்டுவிட்டுப் போனால் அந்தத் தவறான பாதை மங்குகிறது. திரும்பி வரும்போது மற்றவற்றுக்கு வழி விடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்டீவன் ஸ்மித் என்ற உளவியலாளரும் ஸ்டீவன் பிளாங்கன்ஷிப்பும் 1991-ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். நான் மேலே கொடுத்தது போன்ற மூன்று சொல் புதிர்கள்தான். சிலருக்கு மட்டும் வேண்டுமென்றே திசை திருப்பும் சொற்களையும் காட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு நல்ல பலன் பெற்றவர்கள் அப்படித் திசை திருப்பப்பட்டவர்கள்தான். கட்டிப்போடப்பட்டவனுக்குத்தானே கட்டு அவிழ்ந்தால் ஆதாயம்.

நம் புதிரையே பாருங்கள். பலருக்கும் முதலில் வருவது 'வலி'. தலைவலி சரி, கைவலி சரி, உயிரில் போய் இடிக்கும். ஆனாலும் வலி விடாது. உயிர்வலி என்று ஒரு சொல் இருக்கக் கூடாதா என்றுகூட மனம் வாதாடும். அந்த வலி அடங்கினால் 'எழுத்து' தானே வந்துவிடும். தலையெழுத்து, கையெழுத்து, உயிரெழுத்து.

என் சாய்வு இரண்டாவது பதிலின் பக்கம்தான். கல்மரக் கதைக்கும் அதுவே பொருந்துகிறது. ஆனால் முழுக்க அதுவே போதும் என்றும் சொல்ல முடியவில்லை. போதாது என்று காட்டும் சாட்சி தூக்கத்திலிருந்து வருகிறது. அதற்கு முன் நாமக்கல் வரை ஒருமுறை போய்வர வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து மேற்கே துறையூர் வழியாகப் போனால் நாமக்கல். அங்கே நரசிம்மர் கோயிலில் நாமகிரித் தாயார். ஜெயங்கொண்டத்திலிருந்து தெற்கே அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் சிலேட்டும் கையுமாக ராமானுஜன். அவர் தாயார் கோமளத்தம்மாள் குடும்பத்துக்கு நாமகிரியே தெய்வம். தன் சூத்திரங்கள் நாமகிரியின் அருள் என்று ராமானுஜன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் இரத்தம் வழிந்தாற்போல ஒரு சிவப்புத் திரை, அதில் ஒரு கை எழுதிக்கொண்டே போனது, விழித்ததும் குறித்துக்கொண்டேன் என்று அவர் கனவு ஒன்றை விவரித்ததாகவும் பதிவு உண்டு. கடல் கடந்து இங்கிலாந்து போகலாமா கூடாதா என்ற சங்கடம் வந்தபோது, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரோடு நாமக்கல் போய் மூன்று இரவு கோயிலிலேயே தங்கி உத்தரவு கேட்டார் என்பதும் அவர் வாழ்க்கை வரலாற்றில் வரும் செய்தி. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

கோயிலில் படுத்துக் கனவில் பதில் கேட்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. பழைய கிரேக்கத்தில் அஸ்கிலிபியஸ் கோயில்களில் நோயாளிகள் அப்படித்தான் படுத்துக் கிடந்தார்கள்.

இங்கே பகுத்தறிவாளர் ஒரு பக்கமும் பக்தர் ஒரு பக்கமும் நின்று சண்டை போடுவது வழக்கம். இரு தரப்பினருமே திண்ணையைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் 1903 வாக்கில் கையில் கிடைத்த நாளிலிருந்து ராமானுஜன் வேறெதுவும் செய்யவில்லை. கல்லூரிப் படிப்பு போனது, உதவித்தொகை போனது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, துணி தேடும் நேரம்கூட வீணாகாமல் முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. அழித்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை. கனவில் எழுதிய கை யாருடையதாகவும் இருக்கட்டும், அது எழுதிய மொழியைக் கற்றது அந்தச் சிலேட்டில்தான்.

1729 கதையும் அப்படியே. லண்டனில் படுத்த படுக்கையாக இருந்தவரைப் பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் எண் 1729, சுவையில்லாத எண் என்றாராம். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே சொன்னார்: 1-ன் கனமும் 12-ன் கனமும், 9-ன் கனமும் 10-ன் கனமும். உலகமே வியந்த மின்னல். ஆனால் அந்த எண் பல வருடங்களுக்கு முன்பே அவர் நோட்டில் ஏறிவிட்டது.

கேம்பிரிட்ஜில் நண்பர் பி.சி. மகலனோபிஸ் கண்ட காட்சி இன்னும் பொருத்தம். ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிரை வாசிக்கிறார். கிளறுவதை நிறுத்தாமலே ராமானுஜன், எழுதிக்கொள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொல்கிறார். அந்த ஒரு புதிருக்கு மட்டுமல்ல, அதே வகைப் புதிர்கள் எல்லாவற்றுக்கும் அதில் விடை இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால், கேட்டவுடனேயே விடை தொடர் பின்னமாகத்தான் இருக்கும் என்று பட்டது. எந்தப் பின்னம் என்று கேட்டுக்கொண்டேன், வந்துவிட்டது என்றார். தொடர் பின்னங்களோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தாதவனுக்கு அந்த 'பட்டது' படாது.

இப்போது தூக்கம். ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் உல்ரிஷ் வாக்னர், யான் பார்ன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் எட்டு எண்கள் வரும், எல்லாம் 1, 4, 9 இந்த மூன்றில் ஏதோ ஒன்று. முதல் இரண்டும் ஒன்றானால் அதுவே விடை. வெவ்வேறானால் மிச்சமுள்ள மூன்றாவது எண் விடை. அந்த விடையையும் அடுத்த எண்ணையும் வைத்து மறுபடி அதே விதி. இப்படி ஏழு படி ஏறினால் இறுதி விடை. அலுப்பான வேலைதான். ஆனால் சொல்லப்படாத ஒரு குறுக்கு வழி உள்ளே இருந்தது: இரண்டாவது படியில் வரும் எண்ணே ஏழாவதிலும் வரும்படி கேள்விகளை அமைத்திருந்தார்கள். அது பிடிபட்டால் ஐந்து படி மிச்சம்.

கொஞ்ச நேரம் இந்த வேலையைச் செய்ய வைத்து, எட்டு மணி நேரம் கழித்து மறுபடி உட்கார வைத்தார்கள். அந்த எட்டு மணி நேரம் தூங்கியவர்களில் 59 சதவீதம் பேருக்குக் குறுக்கு வழி தெரிந்துவிட்டது. பகலில் விழித்திருந்தவர்களிலும் இரவில் விழித்திருந்தவர்களிலும் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே. தூங்கி எழுந்த தெளிச்சிதானே காரணம் என்று உங்களைப் போலவே அவர்களுக்கும் தோன்றியது. அதனால் முன்பயிற்சியே இல்லாமல் தூங்கி எழுந்து வந்தவர்களையும் சோதித்தார்கள். அவர்களுக்குத் தூக்கத்தால் எந்த லாபமும் இல்லை. தூக்கத்துக்குள் எதையாவது கொண்டுபோனவர்களுக்குத்தான் கிடைத்தது.

வெறும் மறதி என்றால் விழித்திருந்தவர்களுக்கும் எட்டு மணி நேர மறதி உண்டே. ஆக, தூக்கத்தில் வேறு ஏதோ நடக்கிறது. அது என்னவாக இருக்கலாம் என்பதற்கு எலிகளிடம் ஒரு தடயம் இருக்கிறது. 1994-ல் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும், பகலில் எலி நடந்த பாதையில் சேர்ந்து துடித்த மூளைச் செல்கள், அது தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதைப் பதிவு செய்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பகல் திரும்ப ஓடுகிறது. அப்படி ஓட்டிப் பார்க்கும்போது தனித்தனி நிகழ்ச்சிகள் உதிர்ந்து, அவற்றுக்குப் பொதுவான ஒழுங்கு மட்டும் தங்கிவிடுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. ஏழாவது எண்ணும் இரண்டாவது எண்ணும் ஒன்று என்பது அப்படிப்பட்ட ஒழுங்குதான்.

எவ்வளவு தூங்க வேண்டும்? 2021-ல் பாரிஸில் செலியா லகோவும் டெல்ஃபின் உதியெத்தும் அதே எண் புதிரை 103 பேரிடம் கொடுத்துவிட்டு, நடுவே இருட்டறையில் இருபது நிமிடம் சாய்ந்திருக்கச் சொன்னார்கள். கையில் ஒரு குவளை. உறங்கினால் நழுவி விழுந்து எழுப்பிவிடும். எடிசன் செய்ததாகச் சொல்லப்படும் தந்திரம் இது. தூக்கத்தின் வாசலில் பதினைந்து நொடியாவது நின்றவர்களில் 83 சதவீதம் பேர் விதியைக் கண்டுபிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களிலோ வெறும் 14 சதவீதம். செய்தித்தாள்கள் கொண்டாடின. 2025-ல் ஜெர்மனியில் வேறொரு புதிரை வைத்துச் செய்த ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது: அங்கே சற்று ஆழ்ந்த தூக்கத்தை எட்டியவர்களுக்கே பொறி தட்டியது. புதிருக்குப் புதிர் தூக்கமும் மாறுமோ என்னவோ. யாராவது பதினைந்து நொடி தூக்கத்தை வைத்துச் சுயமுன்னேற்றப் புத்தகம் விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நிலம் வாங்கவோ சம்பந்தம் பேசவோ போன இடத்தில் "ராத்திரி படுத்து எழுந்து சொல்றேன்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சிக்கலான தேர்வுகளை யோசிக்காமல் உள்மனத்திடம் விடுவதே மேல் என்று 2006-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆப் டைக்ஸ்டர்ஹாய்ஸ் குழுவினர் சொன்னபோது இந்த வழக்கத்துக்கு அறிவியல் முத்திரை விழுந்தது போல இருந்தது. 2015-ல் நியூவன்ஸ்டைன் என்பவரும் தோழர்களும் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தார்கள்; முந்தைய ஆய்வுகளையும் ஒன்றாக அலசினார்கள். அந்தப் பலன் தென்படவில்லை. பெரியவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது. அவர்கள் இரவில் வில்லங்கச் சான்றிதழைப் பற்றி வீட்டில் நாலு பேரிடம் கேட்பார்கள். அது வேறு வகை ஞானம்.

சரி, கிடப்பில் போட்ட நேரத்தில் என்ன செய்வது? 2009-ல் சியோ, ஆர்மரோடு இருவரும் அதுவரை வந்த 117 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடைவேளையால் பலன் உண்டு. முன்னால் நெடுநேரம் முயன்றவர்களுக்குப் பலன் கூடுதல். சொல் புதிர்களைப் பொறுத்தவரை, இடைவேளையில் மண்டையைப் பிய்க்கும் வேலை செய்வதை விட, சும்மா இருப்பதைக் கூட விட, இலேசான வேலை செய்வது நல்லது. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காய அறுவடையின்போது குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாளை அரிந்துகொண்டே பேசுகிறார்களே, அந்த அளவு வேலை. கைக்கு வேலை இருக்கும், தலையில் பாதி காலியாக இருக்கும். கைபேசியில் விரல் தள்ளுவதை நான் ஓய்வுக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது நொடிக்கொரு புதுப் பாதையைத் தலைக்குள் போடுகிறது, எதுவும் மங்க விடுவதில்லை.

வாலஸின் நான்காவது படிக்கு மட்டும் யாரும் கதை சொல்வதில்லை. பளிச்சென்று தோன்றும்போது கூடவே வரும் உறுதி எப்போதும் உண்மை பேசாது. பொன்காரேயே சொல்லியிருக்கிறார்: படுக்கையில் அரைத் தூக்கத்தில் வந்த யோசனைகள் தன்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன, அப்போதும் அதே உறுதியோடுதான் வந்தன என்று. ராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதக் கட்டில் உலகை அசர வைத்த தேற்றங்களோடு, பகா எண்களின் எண்ணிக்கையைத் துல்லியமாகத் தரும் சூத்திரம் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பும் இருந்தது. அது தவறு. பகா எண்களோடு பின்னிய சீட்டா சார்பின் சிக்கலெண் பூச்சியங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதைக் கும்பகோணத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை. சிறிய எண்களுக்குப் போட்டுப் பார்த்தால் சூத்திரம் கச்சிதமாகப் பொருந்தும், எண் பெரிதாகப் பெரிதாகத்தான் வழுக்கும். தவறைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஹார்டியும் அவர் சகா லிட்டில்வுட்டும். நிறுவல் என்றால் என்ன, அது ஏன் வேண்டும் என்ற வாக்குவாதம் கேம்பிரிட்ஜ் வந்த பிறகும் ராமானுஜனோடு நெடுநாள் நடந்தது. லிட்டில்வுட் பாடம் நடத்தத் தொடங்கினால் ராமானுஜன் நடுவில் புதுப்புது யோசனைகளாகக் கொட்டுவார், பாடம் நின்றுவிடும்.